ஏழாம் நம்பர் காட்டுக்கு வந்த கடல்

வெள்ளிமுடி எஸ்டேட்டின் ஏழாம் நம்பர் காட்டுக்குக் கடல் முதன்முதலாக வந்தது 2023ஆம் வருஷம் ஜூன் பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு. சின்னக்கானலிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம் ஏறினால் வரும் இடம் அது. ஐயாயிரத்து முந்நூறு அடி உயரம். எஸ்டேட்டில் காடு என்றால் தேயிலை நட்ட ஒரு சரிவு, அவ்வளவுதான். ஏழாம் நம்பர் காட்டில் அடிவாரத்து ஓடையிலிருந்து மேலே தொழிலாளர் குடியிருக்கும் லயம் வரைக்கும் நாற்பது நிரைத் தேயிலை. அங்குள்ளவர்கள் கடலைப் பார்ப்பதென்றால் கொச்சிக்குப் பஸ் ஏறிப்போய்ப் பார்ப்பார்கள், அதுவும் கல்யாணமான புதிதில் ஒருமுறை. அன்றைக்குக் கடலே ஏறி வந்தது. ஓடையிலிருந்து எழும்பி, அடி நிரைத் தேயிலையை மூடி, முக்கால் மணி நேரம் அலையடித்துவிட்டு வந்த வழியே இறங்கிப் போனது. செடிகளின் மேல் மத்தி மீன் துள்ளிக்கொண்டு கிடந்தது. பெண்கள் கூடையில் பாதி கொழுந்தும் பாதி மீனுமாக எடைக்கு வந்து நின்றார்கள். மீனை எடை போட முடியாது என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் படகு வந்தது. மீன்பிடிப் படகு அல்ல, மாட்டுத் தொட்டி மாதிரி நாலு பக்கமும் நேராக நிற்கும் இரும்புப் படகு. கரைக்கு இருபது முப்பது அடி இருக்கும்போது அதன் முன்பக்கத் தகடு அப்படியே தண்ணீரில் சாய்ந்து விழுந்தது. உள்ளே காக்கி உடுப்பில், கையில் துப்பாக்கியோடு இருபத்தெட்டு பேர் இருந்தார்கள். தகடு விழுந்த நொடியில் சுடுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொருவராக இடுப்பளவுத் தண்ணீரில் குதித்துத் தேயிலையைப் பார்த்து ஓடிவந்தார்கள். சிலர் இரண்டு எட்டு, சிலர் பத்து எட்டு. எல்லாரையும் விடத் தூரம் வந்தவர் ஒரு தேயிலைச் செடியைக் கையால் பிடித்துவிட்டுத்தான் விழுந்தார். இருபத்தேழு பேரும் விழுந்தார்கள். இருபத்தெட்டாவது ஆள் மட்டும் படகின் மூலையில், ஈரத்தில் படக்கூடாது என்பதுபோல இரண்டு கால்களையும் பலகைமேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்தே முக்காலுக்குக் கடல் இறங்கியபோது படகும் பிணங்களும் அவரும் அதோடு போய்விட்டார்கள். மறுநாள் பத்து மணிக்கு எல்லாம் மறுபடி நடந்தது.

பார்த்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது என்னவென்றால், சுடுகிற சத்தம் கடல் பக்கமிருந்து வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களின் முதுகுக்குப் பின்னாலிருந்து, லயத்துக் கூரைகளுக்கு மேலிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தால் காயப்போட்ட துணியும் டிஷ் ஆன்டெனாவும்தான் இருந்தன. குண்டு தலைக்கு மேலே சீறிக்கொண்டு போவதை எல்லாரும் கேட்டார்கள், யார் சுடுகிறார்கள் என்பதை ஒருவரும் பார்க்கவில்லை. அலுவலகத்திலிருந்து வந்த சர்வேயர் ஜோஸ், தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, மழைநீர் தேங்கியிருக்கிறது, உப்புக்குக் காரணம் தெரியவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். படகைப் பற்றி எழுத அந்த ஃபாரத்தில் இடம் இல்லையாம்.

ஏழாம் நம்பர் காட்டுக்குக் கங்காணி சிவசங்கரி. நாற்பத்துமூன்று வயது. வெள்ளிமுடியில் கங்காணியான முதல் பெண். அவள் தாத்தா ராக்கப்பன் அதே காட்டுக்கு அந்தக் காலத்தில் கங்காணி. மலைக்காட்டில் வேலைக்கு இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. கங்காணிதான் முதலில் இறங்க வேண்டும். கையில் கம்போடு செடிகளின் தூரில் தட்டிக்கொண்டே போவார். பாம்பு இருந்தாலும் பன்றி இருந்தாலும் முதலில் சந்திப்பது அவர்தான். அவர் நாலு எட்டு போன பிறகு ஆட்கள் அவரவர் நிரையில் இறங்குவார்கள். கங்காணி இறங்காத காட்டில் ஆள் இறங்குவதில்லை. முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்கவும் கூடாது, ஏனென்றால் அவர் திரும்பினால் எதையோ பார்த்துப் பயந்துவிட்டார் என்று பின்னால் வருகிறவர்கள் நின்றுவிடுவார்கள். எங்கேயும் எழுதி வைக்காத இந்த முறையை நூற்றிருபது வருஷமாக யாரும் மீறியதில்லை. சிவசங்கரி பதினோரு வருஷமாக ஒருநாள் தவறாமல் முன்னால் இறங்கியவள்தான். இரண்டு முறை விரியன் குறுக்கே போயிருக்கிறது. அதைப் பற்றி வீட்டில்கூட அவள் சொன்னதில்லை.

ராக்கப்பன் கதை வெள்ளிமுடியில் எல்லாருக்கும் மனப்பாடம். வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய சண்டையின்போது, பட்டாளத்துக்கு ஆள் வேண்டும் என்று துரை கேட்க, ராக்கப்பன் காலையில் பேர் கூப்பிடும் களத்தில் நின்று இருபத்தாறு பேரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். கங்காணி பேர் கூப்பிட்டால் வருவதுதான் அவர்களுக்குப் பழக்கம், எங்கே என்று கேட்டுப் பழக்கமில்லை. கோவிந்தாபுரத்திலிருந்து கருவாடும் வெங்காயமும் கோவேறு கழுதையில் ஏற்றிவந்து விற்கிற மொய்தீன் என்பவரையும், நல்ல சமையல்காரர் என்று, இருபத்தேழாவதாகச் சேர்த்துக்கொண்டார். நான் முன்னால் இறங்குகிறேன், நீங்கள் என் பின்னால் வந்தால் போதும் என்று அவர்களின் பெண்டாட்டிகள் முன்னால் சொல்லிக் கூட்டிப்போனார். 1946இல் அவர் ஒருவர்தான் திரும்பி வந்தார். பர்மாப் பக்கம் ஏதோ ஒரு கடற்கரையில் தான் முதலில் குதித்ததாகவும், இருபத்தாறு பேரும் பின்னால் குதித்து வீரமாகச் செத்ததாகவும், மொய்தீன் மட்டும் கப்பல் ஏறும் முன்பே துறைமுகத்தில் ஓடிப்போனதாகவும் சொன்னார். அன்றிலிருந்து மாரியம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் முதல் மரியாதை ராக்கப்பன் வீட்டுக்கு. கோவிந்தாபுரத்தில் மொய்தீன் வீட்டுக்கு ஓடிப்போனவன் வீடு என்று பேர். மொய்தீனின் மனைவி பாத்து அந்தப் பேரோடு நாற்பது வருஷம் வாழ்ந்து, அந்தப் பேரோடு செத்தாள்.

படகு வர ஆரம்பித்து ஒரு வாரத்தில் ஆட்களை அடையாளம் கண்டுகொண்டார்கள். முதலில் கண்டது சின்னத்தாய். அவளுக்கு ரிட்டயராக ஒரு வருஷம் பாக்கி, வாய்க்கு மட்டும் ரிட்டயர்மென்ட் கிடையாது. ஆறாவதாகக் குதிக்கிறவருக்கு இடது கையில் ஆறு விரல். அவள் தாத்தாவுக்கும் ஆறு விரல், அவள் அண்ணனுக்கும் ஆறு விரல். அப்புறம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மூக்கை, ஒரு நடையை, ஒரு முன்பல்லைக் கண்டுபிடித்தார்கள். தினமும் பத்து மணிக்கு லயமே வாசலுக்கு வந்து நின்றது. அந்த இருபத்தேழு பேரில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. ஓடைக்கு மேல் ஆழமான தண்ணீரையே பார்த்திராத ஜனங்கள். ஒருவர் பூட்ஸைக் கழற்றிக் கயிற்றால் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு குதித்தார். ஒருவர் கொழுந்துக் கூடையைத் தலைமேல் பிடிப்பது மாதிரியே துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒரு பையன், மீசை சரியாக முளைக்காதவன், தினமும் படகின் ஓரத்தில் வாந்தி எடுத்துவிட்டுத்தான் குதித்தான். ஆனால் தினமும் குதித்தான். என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் போகாதே போகாதே என்று கத்தித் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம்.

இன்னொன்றையும் கவனித்தார்கள். குதிப்பதற்கு முன் ஒவ்வொருவரும் ஒரு தடவை திரும்பி, மூலையில் கால் தூக்கி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்கள். கோபமாக அல்ல. காட்டில் இறங்கும் முன் கங்காணியைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. உட்கார்ந்திருந்தவரின் முகம் சிவசங்கரி வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்தது. அவளுக்கு முதல் நாளே தெரியும். கணவன் பாண்டியிடம்கூட வாய் திறக்கவில்லை. அப்புறம் ஊருக்கே தெரிந்தபோது யாரும் அவளைத் திட்டவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கம்போடு காட்டில் இறங்கினாள். நாலு எட்டு, எட்டு எட்டு, பத்து எட்டு போன பிறகும் பின்னால் சத்தமே இல்லை. பெண்கள் மேலேயே நின்றார்கள். கடைசியில் சின்னத்தாய் தனியாக வேறு நிரையில் இறங்க, மற்றவர்கள் அவள் பின்னால் போனார்கள். அன்றைக்குச் சிவசங்கரி கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

கோவிந்தாபுரத்திலிருந்து வியாழக்கிழமைதோறும் பிக்கப் வண்டியில் கருவாடும் வெங்காயமும் கொண்டுவருகிற நவ்ஷாத், மொய்தீனின் பேரன். கோவேறு கழுதை போய்ப் பிக்கப் வந்ததைத் தவிர அந்த வீட்டு வியாபாரத்தில் மாற்றம் ஒன்றும் இல்லை. கடல் வந்த இரண்டாவது வியாழக்கிழமை, வண்டியை லயத்து முன்னால் நிறுத்திவிட்டு அவரும் கூட்டத்தோடு நின்று பார்த்தார். படகின் தகடு விழுந்ததும் முதலில் எழுந்தவர் முதுகில் ஒரு அலுமினியச் சட்டியைக் கட்டியிருந்தார். உட்கார்ந்திருந்தவர் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். சொல்லிவிட்டு, யாரும் குதிப்பதற்கு முன்னால், முதல் ஆளாகக் குதித்தார். பத்து எட்டு தாண்டி வந்து தேயிலைச் செடியைப் பிடித்துவிட்டு விழுந்தவரும் அவர்தான். நவ்ஷாத் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கடல் இறங்கிய பிறகு சிவசங்கரி எடைக் கொட்டகையில் நிற்பதைப் பார்த்து அங்கே போனார்.

"ஏனுங்க கங்காணிம்மா, அந்தச் சட்டி கட்டுன ஆளு எங்க அத்தாவப் பெத்தவருங்க. எங்க அத்தா மூஞ்சி அப்படியே இருக்குதுங்க."

"தெரியும் பாய்."

"ஓடிப்போனவருன்னுதானுங்க சொன்னாங்க. எங்க அத்தா பள்ளியில மொத வரிசையில நிக்கவே மாட்டாருங்க, கடைசியிலதான் நிப்பாரு. எதுக்குன்னு நா கேட்டதே இல்லீங்க."

சிவசங்கரி கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தாள். மன்னிச்சிருங்க பாய் என்று சொல்ல வாயெடுத்தாள். எண்பது வருஷத்துக்கு அது போதாது என்று தோன்றியது. நவ்ஷாத் அன்றைக்குக் கருவாட்டை இறக்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

கடல் ஒரு நாளைக்கு ஒரு நிரை ஏறியது. ஞாயிற்றுக்கிழமையும் அதற்கு விடுமுறை இல்லை. ஜூன் மாதக் கடைசியில் பத்தொன்பது நிரை மூழ்கி எழுந்தது. செடி சாகவில்லை, கொழுந்து மட்டும் உப்பேறிப்போனது. முதலில் வெறும் சத்தமாக இருந்த குண்டு, கடல் ஏற ஏறக் கனம் கொண்டது. இருபதாம் நிரையில் இலைகள் கத்தரித்ததுபோல உதிர்ந்தன. இருபத்தைந்தாம் நிரையில் ஒரு காக்கை விழுந்தது. முப்பதில் சின்னத்தாயின் வெள்ளாடு, வயிற்றில் துளையோடு, வாயில் புல்லோடு செத்தது. முப்பத்துநாலாம் நாள் காலை பாண்டி வாசலில் டீ குடித்துக்கொண்டிருக்கையில் கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரில் இரண்டு பக்கமும் ஓட்டை விழுந்தது. டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவன் வேலைக்குப் போனான். லயத்தின் கீழ் வரிசை முதல் அறையில்தான் பிள்ளைகள் காப்பகம். பதினாலு பிள்ளைகள், ஆயா டின்சி. கடல் நாற்பதாம் நிரையைத் தாண்டினால் அடுத்தது அந்த வாசல்படி. வேறு டிவிஷனில் காலி அறை இல்லை என்று கம்பெனி எழுத்தில் கொடுத்துவிட்டது. சொந்தபந்தம் உள்ள சிலர் தேனிப் பக்கம் இறங்கினார்கள். போக இடமில்லாதவர்கள் நிரைகளை எண்ணிக்கொண்டு இருந்தார்கள்.

சிவசங்கரிக்குப் போக இடம் இருந்தது. மறையூரில் தம்பி கரும்பு ஆலை வைத்து வெல்லம் காய்ச்சுகிறான். வந்துவிடு அக்கா என்று தினமும் போன் பண்ணினான். ஜூலை பத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை மத்தியானம் அவள் துணிமணிகளைக் கட்டினாள். தாத்தா படத்தைச் சுவரிலிருந்து கழற்றியபோது சின்ன வயதில் அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. ராக்கப்பன் கடைசிக் காலம்வரைக்கும் தினமும் காலை பத்து மணிக்கு எங்கிருந்தாலும் ஒரு பெஞ்சு தேடி உட்கார்ந்து, காலைத் தூக்கிப் பலகைமேல் வைத்துக்கொள்வாராம். முக்கால் மணி நேரம் இறக்க மாட்டாராம். வாதம் என்று வீட்டில் தைலம் தேய்த்தார்கள். ஆனால் அவர் கழற்றிப்போட்ட செருப்பு ஈரமாக இருக்கும் என்று அப்பா சொல்லியிருந்தார். படத்தைத் துணிகளுக்கு நடுவில் வைத்து மூட்டையைக் கட்டி முடிக்கும்போது, கேட்காமலே சின்னத்தாய் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி சங்கரி, நா ஒன்னு சொல்லுதேன், கோவப்படாத."

"சொல்லு மதினி."

"எங்க தாத்தா தெனம் ஒரு தடவன்னு முப்பது தடவைக்கு மேல செத்தாச்சு. சாவுறது இல்லடி எனக்கு வயித்தெரிச்சல். ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பாக்காரு பாரு, கங்காணி எந்திரிப்பாரான்னு. அதத்தான் என்னால பாக்க முடியல."

"அதுக்கு நா என்ன மதினி செய்ய? நா அப்பப் பொறக்கவே இல்லையே."

"அது ஏழாம் நம்பர் காடு. அதுக்குக் கங்காணி இப்ப யாரு?"

"குண்டு நெசமாச்சு. ஆடு செத்துச்சுல்ல? எனக்குப் பயமா இருக்கு."

"அவங்களுக்கு மட்டும் என்ன, பூப்போட்டாகளா? அந்தப் பய வாந்தி எடுத்துட்டுல்ல குதிக்கான்." எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள் சின்னத்தாய். "போறதுன்னா நாலு மணி பஸ்ஸுக்குப் போயிரு. நா உன்னக் குத்தஞ் சொல்ல மாட்டேன்."

நாலு மணி பஸ் வந்தது, நின்றது, போனது. சிவசங்கரி மூட்டைமேல் உட்கார்ந்தே இருந்தாள். தைரியம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பஸ்ஸுக்கும் போக முடியவில்லை, காட்டுக்கும் போக முடியவில்லை, அதுதான் உண்மை. இப்படி உட்கார்ந்துதானே தாத்தாவும் இருந்திருப்பார் என்று அப்போது அவளுக்குத் தோன்றியது. முதல்முறையாக அந்த மனிதர்மேல் இரக்கம் வந்தது, கூடவே கோபமும் வந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. முப்பத்தொன்பது நிரை மூழ்கி, ஒரே நிரை மிச்சம். டின்சி பிள்ளைகளைப் பின் அறையில் படுக்கவைத்துச் சுவரோரம் அரிசி மூட்டைகளை அடுக்கியிருந்தாள். பத்தே காலுக்குப் படகு தெரிந்ததும் சிவசங்கரி இடுப்பில் சாக்கைச் சுற்றிக் கட்டினாள், தலைத்துண்டைக் கட்டினாள், கம்பை எடுத்தாள். பாண்டி வாசலில் குறுக்கே நின்றான். பிறகு விலகிக்கொண்டான். அவள் கடைசி நிரையைத் தாண்டித் தண்ணீரில் இறங்கினாள். மூழ்கிய செடிகள் காலைக் கீறின. கம்பால் தண்ணீரைத் தட்டிக்கொண்டே போனாள். தண்ணீரில் தட்டி என்ன பிரயோஜனம் என்று அவளுக்கும் தெரியும், கை பழக்கம். படகின் முன்னால் போய் நின்றபோது தகடு அவள் மார்புக்கு நேரே விழுந்து அலை முகத்தில் அடித்தது. டீசல் நாற்றமும் வாந்தி நாற்றமும் வந்தன. சட்டி கட்டியவர் மூலைப் பக்கம் குனிந்து இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அவள் அன்றைக்குத்தான் காதால் கேட்டாள்.

"கங்காணியாரே, நாம் முன்னால போறனுங்க. நீங்க பொறகால வாங்க."

அவ்வளவுதான். திட்டவில்லை, இழுக்கவில்லை. வெங்காயம் விற்கப் போகிற ஆள் சொல்லிக்கொண்டு கிளம்புகிற மாதிரிச் சொன்னார். சிவசங்கரிக்குத் தாத்தாவைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. பார்த்தால் நின்றுவிடுவோம் என்று தெரிந்தது. படகுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். எதிரே மேட்டில் லயம், கூரைகள், காயப்போட்ட துணி. சுட ஆரம்பித்தார்கள். தன் வீட்டு வாசலிலிருந்தே தன்னைச் சுடுவதுபோல இருந்தது. தினமும் காலையில் சொல்கிற அதே சொல்லை, தினமும் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"எறங்குவோமா? வாங்க."

பின்னால் தொம் என்று ஒரு சத்தம், அப்புறம் இன்னொன்று. ஆட்கள் குதித்தார்கள். அவள் கம்பைத் தட்டிக்கொண்டு மேடேறினாள். நாலாவது எட்டில் இடது தோளில் யாரோ குத்தியதுபோல இருந்தது, அங்கிருந்து ஏதோ வழிந்தது. நிற்கவில்லை. நின்றால் பின்னால் இருபத்தேழு பேர் நிற்பார்கள். பின்னால் ஒவ்வொருவராக விழுகிற சத்தத்தை அவள் எண்ணினாள். இருபத்தாறு எண்ணினாள். நாற்பதாம் நிரையில் அவள் கால் வைத்தபோது பக்கத்தில் ஒரு ஈரமான கை தேயிலைச் செடியைப் பிடித்தது. பிடித்த கை விழவில்லை. சட்டி கட்டிய மொய்தீன் செடியை ஊன்றி ஏறி, பாதையில் வந்து நின்று, மூச்சு வாங்கினார். அன்றைக்கு மேலே நின்று பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றையேதான் சொன்னார்கள்: அவள் கூப்பிட்ட பிறகு இருபத்தேழு பேரில் ஒருவர்கூட மூலையைத் திரும்பிப் பார்க்கவில்லை. சின்னத்தாய் வாய்விட்டு அழுதாள்.

மொய்தீன் எடைக் கொட்டகையில் உட்கார்ந்து கட்டன் சாயா இரண்டு கிளாஸ் குடித்தார். இருபத்துநாலு வயது. எதிரே நாற்பத்தெட்டு வயதுப் பேரன் நவ்ஷாத் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயாவில் உப்பு இருக்குதுங்களே என்றார் மொய்தீன். இந்த மாசம் அப்படித்தானுங்க என்றார் நவ்ஷாத். பிறகு மொய்தீன், வீட்டுக்காரி பாத்து தனியாக இருப்பாள், கோவிந்தாபுரத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டார். நவ்ஷாத் பிக்கப்பின் முன் சீட்டில் துண்டு விரித்து உட்காரவைத்துக் கூட்டிப்போனார். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது. பாத்துவை அடக்கிய இடத்தைக் காட்டச் சொன்னார், காட்டினேன், சட்டியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார், திரும்பி வரவில்லை, பக்கத்தில் புதிதாக ஒரு கபர் இருக்கிறது, மேலே கடல் மணல் கிடக்கிறது என்று விவரம் சொன்னார். அத்தா நாளைக்கு வெள்ளிக்கிழமை பள்ளியில் முதல் வரிசையில் நிற்கப் போகிறாராம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் கடல் ஒரு நிரை இறங்கி முப்பத்தெட்டில் நின்றது. சிவசங்கரியின் தோளில் டிஸ்பென்சரி நர்ஸ் எப்சிபா கட்டுப்போட்டிருந்தாள். குண்டு உள்ளே இல்லை, ரத்தமும் இல்லை, துளையில் உப்புத் தண்ணீர்தான் கசிகிறது, சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தாள். கட்டோடு மறுபடி போனாள். ஆறு விரல்காரர் கரையேறினார். பேத்தி சின்னத்தாய் கையால் கஞ்சி குடித்துவிட்டு, லயத்துக்குப் பின்னால் புதைகாட்டுக்கு நடந்துபோனார். ஒரு நாளைக்கு ஒருவர். வாந்தி எடுக்கிற பையன் கடைசியாக, ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி ஏறினான். ஆபீஸ் முன்னால் கொடியேற்றி மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இது யார் கொடி என்று கேட்டான். நம்ம கொடிதான் என்றார்கள். அப்படியா என்று மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு போனான். அந்த வருஷக் கொடையில் முதல் மரியாதை வேண்டாம் என்று சிவசங்கரி சொல்லிவிட்டாள். இருபத்தேழு தேங்காய் உடைத்தார்கள். ஒரு முறி கருவாட்டு வண்டியில் கோவிந்தாபுரம் போனது.

கடல் இப்போது ஓடையிலிருந்து பன்னிரண்டாம் நிரையில் நிற்கிறது. அதற்குமேல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தினமும் பத்தே காலுக்குப் படகு வருகிறது, தகடு விழுகிறது, சுடுகிறார்கள். உள்ளே ஒரே ஒரு ஆள் கால் தூக்கி உட்கார்ந்திருக்கிறார். வேலைப் பட்டியலில் அந்த நேரத்துக்கு எதிரே சிவசங்கரி பேரைத்தான் எழுதியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் மாற்று ஆள் கேட்கலாம் என்றார்கள், அவள் கேட்கவில்லை. கம்போடு இறங்கிப் போகிறாள். தகட்டின் முன்னால் நின்று, மூலையைப் பார்த்து, "தாத்தா, நா முன்னால போறேன், நீங்க பெறகு வாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி மேடேறுகிறாள். சில நாள் குண்டு படுகிறது, சில நாள் படுவதில்லை. பதினொரு மணிக்குப் பெண்கள் அவள் பின்னால் காட்டில் இறங்குகிறார்கள். பதிமூன்றாம் நிரையில் மட்டும் யாரும் கொழுந்து கிள்ளுவதில்லை. வேலைக்குப் பிந்தி வருகிற ஆளுக்கு அவர் நிரையை விட்டுவைப்பது வெள்ளிமுடியில் வழக்கம். போன செவ்வாய்க்கிழமை படகில் இருப்பவர் ஒரு காலை இறக்கித் தண்ணீரில் வைத்ததாகச் சின்னத்தாய் சொல்கிறாள். சிவசங்கரி அதைப் பார்க்கவில்லை. முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்கக்கூடாது.